பட்டியலில் இல்லாத பெரியம்மா

எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'சரி' என்று பேர். என்னைவிட மூத்தவள், அதனால் நான் சரியக்கா என்பேன். எதைச் சொன்னாலும் 'சரி' என்று ஒரே பதில் சொல்வதால் வந்த பேர். ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வா என்றாலும் சரி, இன்றைக்கு ஆள் குறைவு, சாப்பிடப் போகாதே என்றாலும் சரி. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது சரி என்றாளாம். கட்டிக்கொண்டவன் கொஞ்ச காலம் கழித்து, எனக்கு ஒத்துவரவில்லை, நீ உன் வீட்டுக்குப் போ என்றபோதும் சரி என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், கேட்ட எனக்குத்தான் வயிறு எரிந்தது.

எனக்கு அங்கே 'பாய்லர்' என்று பேர். பக்கத்து அறையில் நீராவி போடுகிற நிஜப் பாய்லரைவிட நான் சீக்கிரம் கொதிப்பேனாம். இருக்கட்டும். கொதிக்க வேண்டிய இடத்தில் யாராவது ஒருவர் கொதிக்கத்தான் வேண்டும்.

நாங்கள் இருவரும் மடிப்பு ஜோடி. படுக்கை விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதற வேண்டும், நீளவாக்கில் பாதியாக்க வேண்டும், மறுபடி பாதியாக்க வேண்டும், பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்கிற நேரத்தில் முகத்துக்கு முகம் வரும். எங்கள் பேச்செல்லாம் அந்த இடத்தில்தான். தள்ளி நின்றால் இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ஒரு விரிப்பில் கேட்ட கேள்விக்கு அடுத்த விரிப்பில்தான் பதில் வரும். பதில் வருவதற்குள் என் கோபம் பாதி ஆறிப்போகும், அதனாலேயே எங்கள் சிநேகம் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது என்று நினைக்கிறேன்.

அவளை வளர்த்தது அவளுடைய பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. இவள் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவுக்குத் தூரத்தில் ஒரு தையல் ஆலையில் வேலை கிடைத்தது. அங்கே விடுதியில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடவில்லை. பெரியம்மாவுக்கோ பிள்ளை இல்லை. கொடுத்துவிட்டுப் போ என்று வாங்கிக்கொண்டாள். அம்மா விடுமுறைக்கு வருவாள், போவாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது எல்லாம் பெரியம்மா. புருஷன் வீட்டிலிருந்து பெட்டியும் கையுமாக வந்து நின்ற அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்காமல், "கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றவளும் அவள்தான்.

ஆலை வேலையை விட்டபிறகு அம்மாவும் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். மூன்று பெண்கள், இரண்டு அறை. அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் கட்டில். ஊசியும் நூலுமாக இருந்து கெட்டதோ, வயதோ, அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. பெரியம்மாதான் அவளுக்குக் கண். நாள் முழுக்க இருவருக்கும் வாய்ச்சண்டைதான். நான் போயிருந்தபோது என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

"இடது பக்கம் நாற்காலி இருக்கு, பாத்து."

"நான் என்ன குருடியா?"

"இல்ல, நீ மகாராணி. போய் மோதிக்கோ."

அந்தப் பெரியம்மா ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள்.

செய்தி கேட்டு நான் ஓடினேன். சரியக்கா வாசலில் செருப்புகளை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமாம். சலவைக்கூடச் சூப்பர்வைசருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா சிஸ்டத்துல லீவு போட்டுடு. போடலைன்னா சொல்லாம கொள்ளாம நின்னதா காட்டும், என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார்.

எங்கள் மருத்துவமனையில் கொஞ்ச காலமாக எல்லாமே சிஸ்டம்தான். வருகை, விடுப்பு, குடும்ப விவரம், வைத்திய சலுகை, எல்லாம் ஒரே இடத்தில், கைப்பேசியிலேயே, தமிழிலேயே என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார்கள். அந்தத் தமிழை எழுதியது மனுஷனா மெஷினா என்று இன்றுவரை தெரியாது. முந்தைய பக்கத்துக்குப் போகிற பொத்தானில் 'முதுகு' என்று போட்டிருக்கும். சமர்ப்பி என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சரணடை' என்று இருக்கும். முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு பழகிவிட்டது. "முதுகைத் தொட்டு முன்னாடி பக்கத்துக்குப் போ" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டோம்.

துக்க விடுப்பு என்ற பக்கத்தைத் திறந்தாள். 'இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?' என்று கேட்டது. அப்பா, அம்மா, கணவர், மனைவி, மகன், மகள், பிற. இவ்வளவுதான் பட்டியல். சரியக்கா மேலிருந்து கீழ்வரை ஒருமுறை விரலால் தள்ளிப் பார்த்தாள். பிறகு 'பிற' என்பதைத் தொட்டாள். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: 'பிற உறவுகளுக்குத் துக்கம் அனுமதிக்கப்படவில்லை.'

விடுப்பு என்ற சொல் விழுந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே பெரியம்மாவைப் படுக்க வைத்திருக்கிற வீட்டில் நின்றுகொண்டு அதைப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இத எழுதினவன் கையில கெடைச்சான்னா" என்று ஆரம்பித்தேன். அவள் அதற்குள் முதுகைத் தொட்டுப் பின்னால் போய், பட்டியலைத் திறந்து, 'அம்மா' என்பதைத் தொட்டுவிட்டாள்.

"அக்கா, என்ன இது?"

"பெரியம்மாவும் அம்மாதானே," என்றாள்.

நம் பேச்சில் அம்மா இல்லாமல் பெரியம்மா கிடையாது. முன்னால் இருக்கிற 'பெரிய' மட்டும்தான் அந்தப் பட்டியலில் இல்லை. வேறு பாஷையில் யோசித்துச் செய்த பட்டியலை நம் பாஷையில் நிரப்பச் சொன்னால், நம் பாஷைக்காரி இப்படித்தான் நிரப்புவாள். சரணடை என்று கேட்டது. சரணடைந்தாள். விடுப்பு உடனே கிடைத்துவிட்டது.

விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தவள் வழக்கம்போல் எதிரில் நின்று மூலைகளைப் பிடித்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அழுதாயா என்று கேட்டேன், அடுத்த விரிப்பில் இல்லை என்றாள். "அழுதுடுக்கா, உள்ளயே வச்சுக்காத" என்றேன். "சரி" என்றாள். அழவில்லை. கை மட்டும் கொஞ்சம் வேகமாக மடித்தது. சூப்பர்வைசர்கூட, நல்லவேளை, தாங்கிக்கிட்டா என்றார். தாங்குவது வேறு, மரத்துப்போவது வேறு. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்து தொலைக்கிறது.

வீட்டில் அம்மா பகல் முழுக்கத் தனி. சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போய் வந்தாள். ஒரு கண்ணில் ஏற்கெனவே வெளிச்சம் மட்டும்தான். மற்றதில் மங்கலாக ஆள் தெரியும். எங்கள் கண் டாக்டர் பார்த்துவிட்டு, புரை முற்றிவிட்டது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது, இனித் தள்ளிப்போட்டால் பிறகு எடுத்தும் பிரயோஜனம் இல்லை என்று சொல்லி அறுவைக்கு ஒரு தேதியும் கொடுத்திருந்தார். ஊழியரின் அம்மா என்பதால் செலவு மருத்துவமனையுடையது. தேதியை உறுதி செய்ய அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு சரியக்காவும் நானும் கண் பிரிவுக்குப் போனோம்.

கண் பிரிவில் பதிவு பார்க்கிற பெண் சரியக்காவின் ஊழியர் எண்ணை அடித்தாள். திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இறந்துட்டாங்கன்னு இருக்கே," என்றாள்.

"யாரு?" என்றாள் அம்மா.

"நீங்கதாம்மா."

அம்மா முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினாள். "அப்படியா? எனக்கு யாரும் சொல்லலையே," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சரியக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விடுப்புக்காகத் தொட்ட அந்த ஒரு சொல் அத்தோடு நிற்கவில்லை. விடுப்புப் பக்கத்திலிருந்து குடும்ப விவரத்துக்குப் போய், அங்கே அம்மாவின் பேரைச் சாம்பல் நிறமாக்கி, வைத்திய சலுகைப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டிருந்தது. இதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு! சரியக்காவைத் துரத்திவிட்டுப் பல வருஷமாக முகத்தைக் காட்டாத புருஷன் அதே பக்கத்தில் கன்னங்கரேல் என்ற எழுத்தில் உயிரோடு இருந்தான். அவன் எங்கிருந்தாவது வந்தால் இரண்டு கண்ணுக்கும் இலவசமாகச் செய்துகொண்டு போகலாம்.

டாக்டர் வெளியே வந்து அம்மாவைப் பார்த்தார், திரையையும் பார்த்தார். "நான் பண்ணத் தயார்தான். ஆனா சிஸ்டம் ஆளைத் தரலைன்னா உள்ள கூட்டிட்டுப் போக முடியாது. லென்ஸ் எடுக்கவே நோயாளி பேரு வேணும்," என்றார். அறுவைக்கு முந்தின நாள் மதியத்துக்குள் பேர் வந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று பதிவு பார்க்கிற பெண் மெதுவாகச் சொன்னாள். அடுத்த முறை எப்போது என்று கேட்டதற்கு அவள் டாக்டரைப் பார்த்தாள், டாக்டர் அம்மாவின் கண்ணைப் பார்த்தார்.

நேராகப் பணியாளர் பிரிவுக்குப் போனோம். அங்கே இருக்கிற குமாஸ்தாவுக்கு நாங்கள் வைத்த பேர் 'டிக்கெட்'. போய் நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "டிக்கெட் போடுங்க" என்பான். சிஸ்டத்தில் புகார் பதிவதற்கு அப்படிப் பேராம். எங்கள் பேச்சில் ஒருவர் டிக்கெட் வாங்கிவிட்டார் என்றால் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

"தம்பி, எங்கம்மா உயிரோடதான் இருக்காங்க," என்றாள் சரியக்கா.

"டிக்கெட் போடுங்க."

"வாங்காத டிக்கெட்டைத்தான்பா வாங்கிட்டதா போட்டிருக்கு. இந்தா நிக்கறாங்க பாரு," என்றேன் நான்.

அவன் நிமிர்ந்தான். அம்மா அவன் இருப்பதாக நினைத்த பக்கம் பார்த்து வணக்கம் சொன்னாள். அங்கே தண்ணீர்க் கேன் இருந்தது. அவனுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. அவனே உட்கார்ந்து அவள் பேரில் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்தான். இரண்டொரு நாளில் பதில் வந்தது: 'உங்கள் சிக்கல் தீர்க்கப்பட்டது.' ஒன்றும் தீரவில்லை. மறுபடி போனோம். அவன் எங்கெங்கோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மரணப் பதிவை எங்களால தொட முடியாதுக்கா. யாரு போட்டாங்களோ அவங்கதான் திருத்தணும். தப்பா போட்டவங்களுக்கு ஒரு ஆன்லைன் பயிற்சி வரும், தரவு நேர்மைன்னு. அத முடிச்சு பாஸ் பண்ணாத்தான் திருத்துற பக்கமே திறக்கும்."

"தப்பு பட்டியல்ல இருக்கு, பயிற்சி எங்களுக்கா?" என்று நான் கத்தினேன். சரியக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பயிற்சியைக் கைப்பேசியில் செய்ய முடியாது, கம்ப்யூட்டர்தான் வேண்டுமாம். சலவைக்கூடத்தில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் பாய்லர் அறையை ஒட்டிய மூலையில் இருக்கிறது. நீராவி பட்டுப் பட்டு விசைகளெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். மவுஸை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் நகரும். சூப்பர்வைசர் டீ நேரத்தில் உட்கார்ந்துகொள்ளச் சொன்னார். அவள் இல்லாமல் நான் மட்டும் எதை மடிப்பது? நானும் கூடப் போய் உட்கார்ந்தேன்.

பயிற்சியைத் திறந்தால் கோட்டும் டையும் போட்ட ஒரு பொம்மை ஆள் வந்து கையை ஆட்டினான். அவனுக்குக் கோட்டு மாமா என்று பேர் வைத்தேன். கோட்டு மாமா வாயை வாயை அசைத்தான், சத்தம் வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது. கீழே எழுத்தும் போடவில்லை. அவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், தள்ளிவிட முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று மவுஸை அந்தப் பக்கம் நகர்த்தினால் கோபித்துக்கொண்டு நின்றுவிடுவான். பார்வை விலகியதாம். மறுபடி ஆரம்பத்திலிருந்து வணக்கம் சொல்லுவான்.

ஒரு வழியாக அவன் வாயை மூடினால் அடுத்த பக்கத்துக்குப் போகப் பொத்தான் இல்லை. மேலே தேடினோம், கீழே தேடினோம், தண்ணி காட்டியது. அன்றைய டீ நேரம் அதிலேயே போய்விட்டது. அடுத்த நாள் எனக்கு வந்த கோபத்தில் பிசுபிசுப்பைத் துடைக்கிறேன் என்று துணியால் விசைகளை அழுத்தித் தேய்த்தேன். எதன்மேல் எது அமுங்கியதோ, திரையில் இருந்ததெல்லாம் சின்னதாகச் சுருங்கி, அடியில் 'அடுத்து' என்கிற பொத்தான் தலையைக் காட்டியது. இத்தனை நேரமும் திரைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்திருக்கிறது. இதைச் செய்தவர்கள் பெரிய திரையில் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள் போலிருக்கிறது. எங்களுடையது எத்தனை அகலம் என்று யாரும் வந்து பார்க்கவில்லை.

இப்படியே ஒவ்வொரு டீ நேரமும் போனது. மணி அடித்து வேலைக்குத் திரும்பினால், வந்து பார்க்கும்போது நடுவில் ஒரு பெட்டி நிற்கும்: 'உங்கள் அமர்வு காலமானது.' காலாவதி என்று எழுத வந்து அப்படி எழுதியிருக்கிறார்கள். சரியக்கா முதல் தடவை அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதற்குக் கீழே இருந்த 'சரி'யை அமுக்கினாள். கோட்டு மாமா வந்து வணக்கம் சொன்னான். எனக்கே திட்டித் திட்டி அலுத்துவிட்டது. பேசாமல் அவன் கையாட்டுவதைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சரியக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள், வேலையிலும் அதே, வீட்டிலும் அதே. அம்மா அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வரும்போது தனக்குத்தானே, "இடது பக்கம் நாற்காலி இருக்கு, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெரியம்மாவின் குரலைப் போலவே சொன்னாள்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டாள். "அவ அந்தப் பட்டியல்ல 'அம்மா'ன்னுதான் அமுக்கினாளா?"

"வேற எடமே இல்லம்மா அதுல," என்றேன்.

"தெரியும். கொழந்தைல அவ அம்மான்னு ஓடினது எங்கக்காகிட்டத்தான். நான் லீவுக்கு வந்தா கதவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குவா." கொஞ்சம் நிறுத்தினாள். "கேட்டப்ப வலிச்சுது. பொய் சொல்லல. ஆனா கணக்குப் பாத்தா அவ போட்டது தப்பில்ல. பாவம், அவகிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கோட்டு மாமா ஒருநாள் முடிந்தான். தேர்வு வந்தது. அறுவைக்கு முந்தின நாள் காலை. அதற்குமேல் டீ நேரம் என்று காத்திருக்க முடியாது என்பதால் சூப்பர்வைசரே, "போங்க, நான் பாத்துக்கறேன்" என்று விட்டுவிட்டார். 'பின்வருவனவற்றுள் எது தவறான தரவு அல்லாதது அல்ல?' என்று முதல் கேள்வி. மண்டை காய்ந்தது. இருவரும் விரலை மடக்கி மடக்கி, இத்தனை அல்லவுக்குக் கடைசியில் ஆமாவா இல்லையா என்று பார்த்து ஒன்றைத் தொட்டோம். சரியாகப் போயிற்று. அப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனோம். கடைசிக் கேள்வி இது:

'ஒரு பணியாளர் தன் குடும்பத்தில் நிகழ்ந்த மரணம் பற்றித் தவறான உறவைக் குறிப்பிடுகிறார். இதற்குக் காரணம்: மறதி, அலட்சியம், நேர்மையின்மை, மேற்கண்ட அனைத்தும்.'

சரியக்கா படித்துவிட்டு 'மறதி'யைத் தொட்டாள். தவறு என்று வந்தது. இன்னொரு வாய்ப்பு இருந்தது.

"பட்டியல் சரியில்லன்னு ஒண்ணும் இல்ல இதுல," என்றாள். கேட்கிற மாதிரி இல்லை, சும்மா சொன்னாள்.

"இல்லக்கா. அவனுக்கு என்ன பதில் வேணுமோ அதக் குடுத்துட்டு எந்திரி. அம்மா கண்ணு."

"சரி," என்று கடைசியைத் தொட்டாள். மறதி, அலட்சியம், நேர்மையின்மை, அனைத்தும். பச்சை எழுத்தில் 'மிகச் சரி!' என்று வந்தது.

திருத்துகிற பக்கம் திறந்தது. 'மரணப் பதிவு: அம்மா' என்று இருந்தது. அம்மாவை எடுத்துவிட்டு வேறு ஆளை வைக்க ஏதாவது வழி இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன், அவளும் நினைத்திருப்பாள். திரையைச் சுருக்கிப் பார்த்தோம், விரித்துப் பார்த்தோம். ஒரே ஒரு வழிதான் இருந்தது. 'இப்பதிவை நீக்கு.' அதை அமுக்கினாள். ஒரு பெட்டி வந்தது.

'என் குடும்பத்தில் மரணம் எதுவும் நிகழவில்லை என்றும், துக்க விடுப்பு காரணமின்றி எடுக்கப்பட்டது என்றும் உறுதி கூறுகிறேன்.'

கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'சரி'. இன்னொன்று 'முதுகு'.

அவள் மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையில் நீராவி சீறி அடங்கியது. எனக்கு எப்போதும் முட்டிக்கொண்டு வருகிற கோபம் அன்றைக்கு வரவில்லை.

"சரியில்ல," என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. சத்தமாகச் சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடி, விரிப்பில் கறை போகவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவள் கைப்பேசி அடித்தது. கண் பிரிவில் பதிவு பார்க்கிற பெண். "என்னம்மா, மதியம் ஆகப்போகுது. உங்கம்மா பேரு இன்னும் சாம்பல்லயே இருக்கு. அடுத்து நிக்கறவங்க கேக்கறாங்க, என்னாலயும் ரொம்ப நேரம் சொல்லிட்டிருக்க முடியாது," என்றாள்.

"இப்ப வந்துடும் மேடம்," என்றாள் சரியக்கா. கைப்பேசியை மேசையில் வைத்தாள். மவுஸை இரண்டு தட்டுத் தட்டினாள். 'சரி'யை அமுக்கினாள்.

திரை முழுக்கக் கலர் கலராகக் காகிதத் துண்டுகள் மேலிருந்து கொட்டின. கோட்டு மாமா வந்து இரண்டு கையையும் தூக்கித் தூக்கிக் குதித்தான். 'வாழ்த்துகள்! உங்கள் குடும்ப விவரம் இப்போது முழுமையாகச் சரியாக உள்ளது.' அந்தக் காகிதத் துண்டுகள் கொட்டி முடிகிறவரை மூட முடியவில்லை. இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேர் கறுப்பாகிவிட்டது, நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு அழைத்து வாருங்கள் என்று கண் பிரிவிலிருந்து தகவல் வந்தது. டிக்கெட் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து, "சரியாயிடுச்சாக்கா?" என்று கேட்டான். சரியக்கா தலையை மட்டும் ஆட்டினாள். சூப்பர்வைசர் கேட்டார், அவருக்கும் தலைதான்.

நாங்கள் மடிப்பு மேசைக்குத் திரும்பினோம். சூடு ஆறாத விரிப்புகள் குவிந்து கிடந்தன. அவள் இரண்டு மூலையை எடுத்தாள், நான் இரண்டு மூலையை எடுத்தேன். உதறினோம். பாதியாக்கினோம், மறுபடி பாதியாக்கினோம். நடந்து வந்து சேர்த்தோம். அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது விரிப்பிலும் பேசவில்லை. மூன்றாவதில் மூலைகளை என் கையில் கொடுக்க வந்தவள், கொடுக்காமல் நின்றாள்.

"எங்க பெரியம்மா செத்துப்போயிட்டாங்க," என்றாள்.

எனக்குத் தெரியாத செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள். அவள் முகம் என் முகத்துக்கு அருகில் இருந்தது. கண் நனைந்திருந்தது, வேறு ஒன்றும் அசையவில்லை.

"ஆமாக்கா," என்றேன்.

"எங்கயும் போட்டு வைக்க எடமில்ல. நீயாவது ஞாபகம் வச்சுக்கோ."

அவள் நீட்டிய மூலைகளை வாங்கிக்கொண்டேன்.

"சரி," என்றேன்.